காலைப் பெட்டி நூல்

ராஜபாளையத்து மில்லில் காலை ஷிப்டுக்கு, குடிக்கவில்லை என்று வாட்ச்மேனிடம் வாயை ஊதிக் காட்டித்தான் உள்ளே போக வேண்டும். தனுஷ்கோடி மட்டும் இரண்டு தடவை ஊதுவான்.

"நல்லா மோந்துக்கோங்க அண்ணாச்சி. வெத்தலை வாசம்கூட வராது."

பெண்கள் வரிசையில் நிற்கும் அவன் மனைவி வெள்ளத்தாய்க்குத் தலை நிமிரும். ராத்திரி அவன் குடிப்பது தெரியும். குடித்த வாயோடு வேலைக்குப் போகாதவன் குடிகாரன் இல்லை என்பதுதான் அவர்கள் தெருவின் சட்டம்.

நூற்பு இயந்திரத்தில் அவன் வேலை, அறுந்த இழையை ஓட்டத்திலேயே விரலால் ஒட்டுவது. பெட்டி பெட்டியாக வரும் அந்த நூலைப் பக்கத்துக் கூடத்தில் வெள்ளத்தாய் கோன் என்ற கூம்பில் சுற்றுவாள். ஒட்டு மோசமாக இருந்தால் அவள் விரலில் தட்டும், நூல் அறும்.

எண்பத்தைந்து பங்குனியில் அவன் நூல் அறத் தொடங்கியது. ஒரு வாரம் கவனித்தாள். காலையில் வரும் முதல் பெட்டி முழுக்கத் தடித்த ஒட்டு. பத்து மணி டீக்குப் பிறகு வரும் பெட்டியில் ஒட்டு இருக்கும் இடமே தெரியாது.

மேஸ்திரி பால்ச்சாமியிடம் கேட்டாள்.

"பஞ்சு சரியில்ல தாயி. காலையில சுத்தமாத்தானே வாரான்? குடிச்சாத்தானே கை நடுங்கும்?"

அவளுக்கு வேறு சிலவும் ஞாபகத்துக்கு வந்தன. காலையில் டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறான். சட்டைப் பொத்தானை அவளைப் போட்டுவிடச் சொல்கிறான். ஆசை என்று நினைத்திருந்தாள்.

மறுநாள் பத்து மணிக்கு அவன் டீக்கடையில் இல்லை. சாராயக்கடைச் சந்திலிருந்து வாயில் கிராம்போடு வந்தான். டீக்குப் போய்த் திரும்புகிறவர்களை யாரும் ஊதச் சொல்வதில்லை. குடித்தால் கை ஆடாமல் நிற்கிறது; குடிக்காவிட்டால் நடுங்குகிறது. அவளுக்குப் புரிந்துவிட்டது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவனைத் தன் இயந்திரத்துக்குக் கூப்பிட்டுக் காலைப் பெட்டி நூலைக் கையில் கொடுத்தாள். கட்டைவிரலால் தடவிப் பார்த்துச் சிரித்தான்.

"எவன் கைவேலைடி இது? இவனையெல்லாம் மாடு மேய்க்க விடணும்."

அவள் பெட்டியைத் திருப்பி அதில் ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினாள். அவன் பெயர் இருந்தது.

"இது காலையில நீங்க ஒட்டினது. பத்து மணிக்குப் பொறவு ஒட்டினது அந்தா இருக்கு. தொட்டுப் பாருங்க."

அவன் தொடவில்லை. நேராக மேஸ்திரியிடம் போனான்.

"என்னைய மிஷினை விட்டு எடுங்க. கை சரியானதும் வாரேன்."

"ஏலே, கேட்டுல ரெண்டு தடவை ஊதுறவன் நீ!"

"ஊதுறதுல தெரியாது மேஸ்திரி. நூல்ல தெரியுது."

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் சட்டையைக் கழற்றச் சொல்லி, வயிற்றை அமுக்கிப் பார்த்தார். குடியை ஒரேயடியாக நிறுத்தினால் ஜன்னி வரும், வார்டில் படுத்துத்தான் ஆக வேண்டும் என்றார்.

"எல்லாரும் ஈரல் வீங்கின பொறவுதான்யா வாராங்க. உன்னைய யாரு இம்புட்டு சீக்கிரம் கண்டுபிடிச்சது?"

"என் வீட்டுக்காரி. நூலைத் தடவியே ஆளைச் சொல்லுவா."

மில்லில் பத்து வருஷமாகத் தன் கையைப் பற்றித்தான் அவன் இப்படிப் பேசியிருக்கிறான். வெள்ளத்தாய் கூச்சப்பட்டுத் தலை குனியவில்லை.

வார்டுக்குக் கிளம்பும்போது முதல் பொத்தானிலேயே அவன் விரல் வழுக்கியது. அவளைப் பார்த்தான். அவள் கை கட்டி நின்றாள்.

"எம்புட்டு நேரம்?" என்றாள் நர்ஸ்.

"செத்த நேரம் பொறுங்கம்மா," என்றாள் வெள்ளத்தாய். "அவியளே போட்டுட்டு வருவாக."