செபநாயகத்துக்குக் கடைசிக் கேள்வி

1991ஆம் ஆண்டு இணுவிலில் எடுத்த ஒரு செத்தவீட்டு வீடியோவில், பிரேதத்தின் தலைமாட்டில், மேசை மணியின் மேல் கைவைத்தபடி செபநாயகம் உட்கார்ந்திருந்தான். அவன் 1983 யூலைக் கலவரத்தில் கொழும்பில் காணாமற்போனவன். அதற்குச் சில நாட்கள் முன்னர் தொலைக்காட்சியில், மேசை மணியை அடித்து விடை சொல்லும் ஒரு வினாவிடைப் போட்டியில் பங்குபற்றியிருந்தான். குருநகரில் அவன் மனைவி மார்கிரட்டிடம் ரீவீ இருக்கவில்லை. அந்த நிகழ்ச்சியை யாராவது பதிந்து வைத்திருந்தாலொழிய அவன் குரலை இன்னொரு முறை கேட்க அவளுக்கு வழி இல்லை. வீடியோ டெக் வைத்திருந்த வீடுகளில் வட்டுக்கோட்டையிலிருந்து வல்வெட்டித்துறைவரை எட்டு வருடம் விசாரித்தாள். அதைப் பதிந்து வைத்திருந்தவன் இணுவில் வீடியோக்காரன் பஞ்சலிங்கம். யாழ்ப்பாணத்துக்கு அரசாங்கம் போட்டிருந்த பொருளாதாரத் தடையால் புதுக் கசெற் வருவதில்லை. அவள் போய்ச் சேர்ந்தபோது, அதை அழித்து அதிலேயே அந்தச் செத்தவீட்டை எடுத்துக் கனடாவிலிருந்த, செத்தவரின் மகனுக்கு அனுப்பியிருந்தான்.

தகப்பனின் தலைமாட்டில் இருக்கும் அந்நியன் யாரென்று கேட்டு மகன் கசெற்றைத் திருப்பி அனுப்பினான். பஞ்சலிங்கம் அதில் இன்னொரு செத்தவீட்டை எடுத்தான். செபநாயகம் அங்கேயும் இருந்தான், முதல் வீடியோவில் போட்டிருந்த அதே சேட்டோடு, வாய் திறக்காமல். அந்தக் குடும்பமும் வேண்டாமென்றது.

"அக்கா, உவரை நான் கூப்பிடேல்லை. தானா வந்து குந்தியிருக்கிறார்," என்றான் பஞ்சலிங்கம், திரும்பவும் தேடிவந்த மார்கிரட்டிடம்.

"அப்ப கசெற்றை எனக்குத் தாவன், தம்பி."

"செத்தவீட்டுக் கசெற் செத்தவரின்ரை ஆக்களுக்குத்தான். உங்கடை வீட்டிலை ஆர் செத்தது?"

மார்கிரட் அதுவரை கணவனுக்கு இரங்கற் பூசை வைக்க ஒருவரையும் விடவில்லை. அடுத்த கிழமை வெறும் சவப்பெட்டி வாங்கி, அவனுடைய கலியாணச் சேட்டை உள்ளே கிடத்தி, கறுப்புச் சீலை கட்டிக்கொண்டு பக்கத்தில் இருந்து அழுதாள். பஞ்சலிங்கம் அதே கசெற்றில் எடுத்தான்.

ஜெனரேற்றர் போட்டு அயலவர்களோடு பார்த்தார்கள். செபநாயகம் பெட்டியருகே இருந்தான். முதன்முறையாக, போட்டி அறிவிப்பாளரின் குரல் கேட்டது: "கடைசிக் கேள்வி. இறந்தவர் யார்?"

அவன் பெட்டியைப் பார்த்தான். கறுப்புச் சீலையைப் பார்த்தான்.

"இஞ்சாருங்கோ, பிழையெண்டாலும் பறவாயில்லை, வாயைத் திறவுங்கோ," என்றாள் மார்கிரட், ரீவீக்குக் கிட்டப் போய்.

அவன் திறக்கவில்லை. நேரம் முடிந்ததென்று குரல் சொல்ல, எழுந்து படத்துக்கு வெளியே போனான். குரல் அடுத்த போட்டியாளராக மார்கிரட்டை அழைத்தது. படத்தில் அவள் அழுகையை நிறுத்தி எழுந்து, அவனுடைய கதிரையில் உட்கார்ந்து, மணியை அடித்து, கணவனின் பெயரைச் சொன்னாள். விடை சரி. கைதட்டல் கேட்டது. அயலவர்களும் கைதட்டினார்கள். பஞ்சலிங்கம் கசெற்றின் தூசியைத் துடைத்து, செத்தவரின் ஆளென்று அவளிடம் கொடுத்தான். அதற்குப் பிறகு இணுவிலில் எடுத்த செத்தவீடுகளில் அந்நியர் ஒருவரும் வரவில்லை.