மரத்துப்போச்சு

'மரத்துப்போச்சு' என்று வள்ளித்தாய் சொல்லியிருக்கக் கூடாது. கை கடுக்குது என்று சொல்லியிருக்கலாம். எறும்பு ஊருது என்று சொல்லியிருக்கலாம். தாயில்பட்டி தீப்பெட்டி ஆபீசில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். பெருவியாதி. குஷ்டம்.

பக்கத்தில் உட்கார்ந்து, தீக்குச்சிகளைச் சட்டத்தில் வரிசையாகச் செருகிக் கட்டை அடுக்கிக்கொண்டிருந்த அய்யம்மாள் முதலில் தன் தூக்குச்சட்டியை நகர்த்தினாள். பிறகு தானும் நகர்ந்தாள். மத்தியானத்துக்குள் கணக்கப்பிள்ளை சுந்தரபாண்டி வந்துவிட்டார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றார்.

"விரல்ல உணர்ச்சி இல்லையாமே?"

"நாளெல்லாம் குனிஞ்சே இருக்கம்லா அண்ணாச்சி. கழுத்துலருந்து சுறுசுறுன்னு எறங்குது."

"சரியாக்கிட்டு வா. சீசன் நேரத்துல அம்புட்டுப் பேரும் ஓடிட்டாளுகன்னா மொதலாளிக்கு நான் என்ன பதில் சொல்ல?"

அடுக்கிய கட்டைக்கு இத்தனை என்று வரும் அவள் கூலியில்தான் வீட்டில் உலை கொதித்தது. புருஷன் முனியசாமிக்கு மழை பெய்தால்தான் வேலை. அந்த வருஷம் மழை இல்லை.

சாத்தூரில் பலவேசம் என்று ஓர் எலும்பு வைத்தியர் இருந்தார். அவளைப் பலகையில் உட்காரவைத்து, பின்கழுத்து எலும்புகளைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தடவினார். ஓரிடத்தில் அழுத்தினார். சுண்டுவிரல் வரை வெட்டி இழுத்தது. அலறினாள்.

"இது நீ பயப்படுத வியாதி இல்ல தாயி. கழுத்தெலும்பு நரம்ப நெரிக்குது. என்ன வேல பாக்க?"

"கட்டை அடுக்குதேன்."

"அதான. அங்கனருந்து வாரவளுக எல்லாத்துக்கும் ஆமைக்கழுத்து."

தாடையைப் பிடித்து மெல்லத் திருப்பினார். சொடக்கென்றது.

"இனி நிமிந்து உக்காந்து வேல பாரு."

"நீங்க வந்து நிமிந்து உக்காந்து அடுக்கிப் பாருங்க."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

வாரம் தவறாமல் போனாள். ஒருநாள் புளி கரைக்கும்போது விரலில் நார் தட்டுப்பட்டது. மறுநாள் காலை ஆபீசுக்குப் போனாள்.

"கண்ண மூடு. கைய நீட்டு," என்றார் சுந்தரபாண்டி. அய்யம்மாளைப் பார்த்துத் தலையசைத்தார்.

அய்யம்மாள் தாலிக்கயிற்றிலிருந்து ஊக்கைக் கழற்றினாள். அடுக்கிக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றன. வள்ளித்தாய் கண்ணை மூடிக்கொண்டு, மாட்டுச்சந்தையில் பல் பிடித்துப் பார்க்கப்படும் மாடு மாதிரி நின்றாள். விரல் நுனியில் ஏதோ பட்டும் படாமல் உரசியது.

"ஏன் மதினி தடவுத? குத்து."

அய்யம்மாள் குத்தினாள். ரத்தம் துளிர்த்தது. வள்ளித்தாய் கண்ணைத் திறந்து, அந்த விரலைச் சுந்தரபாண்டியின் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் பின்னால் நகர்ந்தார்.

"சரி, சரி. அந்தக் கதவோரம் தனியா உக்காரு."

"ஏன்? இப்பத்தான பாத்தீக?"

"நான் நம்புதேன். மத்தவளுக நம்பணுமே."

அவள் வரிசையின் பக்கம் திரும்பினாள்.

"நம்பாதவ எவ? மூஞ்சியக் காட்டுங்கடி."

ஒருத்தியும் தலை நிமிரவில்லை. குச்சி அடுக்கும் சத்தம் மறுபடி தொடங்கியது.

வள்ளித்தாய் ஒரு சட்டத்தை எடுத்துக்கொண்டு கதவோரத்தைத் தாண்டி நடந்தாள். வரிசை நடுவில், தன் பழைய இடத்தில் உட்கார்ந்தாள். வலப்பக்கத்துக்காரி எழுந்து போனாள். அவள் விட்டுப்போன குச்சிக் குவியலை வள்ளித்தாய் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

இடப்பக்கம் அய்யம்மாள் பாதி எழுந்திருந்தாள்.

"போறதுன்னா போ மதினி. குச்சிய வச்சிட்டுப் போ."

அய்யம்மாள் எழவும் இல்லை, உட்காரவும் இல்லை.