மஞ்சள் பட்ட வலை

பாண்டியம்மாளுக்குப் பொய் சொல்ல வராது என்று கம்பத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அன்று காலை மட்டும் கட்டைப்பையை மடியோடு அணைத்துக்கொண்டு, வாயே திறக்காமல் தேனி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் புருஷன் தங்கப்பாண்டியன். குடலிறக்கத்துக்கு அன்று ஆபரேஷன். வெளியே பனியில் திராட்சைப் பந்தல்கள் தரையில் ஒட்டாமல் மிதந்து போயின.

போன வருஷம் குடல் சரியாமலிருக்க வயிற்றுக்குள் வைத்துத் தைத்த வலையை அவர் உடம்பு ஏற்கவில்லை. சுற்றிலும் தழும்பு கட்டி இறுக்கி, குனியவே விடாமல் பண்ணி, கடைசியில் வெட்டி எடுத்தார்கள். இது இரண்டாவது வலை. இதையும் உடம்பு விரட்டினால் அந்த மனுஷன் என்ன ஆவார்? அந்தப் பயத்தில்தான், முந்தின நாள் ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டி வாங்கி வந்த வலைப் பெட்டியைப் பிரித்து, உறையைக் கிழித்து, வீரபாண்டி கௌமாரியம்மன் மஞ்சளை வலையின் ஓரத்தில் தடவியிருந்தாள். பிறகு பழப்பெட்டிக்கு ஒட்டும் டேப்பால் கச்சிதமாக ஒட்டியும் விட்டாள். கெட்டிக்காரிதான்!

ஆஸ்பத்திரியில் குமுளிக்கார மலையாள நர்ஸ் ஷெரின் பெட்டிக்குக் கை நீட்டினாள்.

"பயப்படாதீங்கக்கா. இந்த வலை மேல ஒரு பூச்சு இருக்கு. அதால உடம்புக்கு இது வெளியாளுன்னே தெரியாது. கை பட்டா எல்லாம் போச்சு, கேட்டோ."

பாண்டியம்மாளின் கண்முன்னே ஆஸ்பத்திரிச் சுவர் கரைந்து பந்தலாயிற்று. பன்னீர் திராட்சைக் குலைகள், ஒவ்வொரு பழத்தின் மேலும் மெல்லிய வெள்ளைப் பூச்சு. பறிக்க வருகிற பெண்களிடம் நாள் முழுக்கக் கத்துகிறவளாயிற்றே அவள், "ஏ ஆத்தா, காம்பப் பிடி! பழத்தத் தொட்டா வெள்ளை அழிஞ்சிரும்!" என்று. பந்தலடியில் அவர் தூங்குகிறார். வயிற்றுக்குள் ஒரு குலை தொங்குகிறது. அதில் அவளுடைய மஞ்சள் விரல்ரேகை.

"சிஸ்டர், நான் தொட்டுட்டேன்." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. "பிரிச்சு மஞ்ச வச்சிட்டேன். பாவி, நானே வச்சிட்டேன்."

ஸ்ட்ரெச்சரில் கிடந்தவர் தலையைத் தூக்கினார். "காலைல இருந்து பச்சத்தண்ணி குடிக்கல. அப்ப இன்னைக்கு இல்லையா?"

இல்லை. வேறு வலை வரப் பத்து நாளாயிற்று. பத்து நாளும் அவர் அவளோடு பேசவில்லை.

ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம் கழித்து, தோட்டத்தில் பழவெட்டு. அவர் குனிந்து பெட்டியைத் தூக்கினார். அவள் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"ஏங்க, அங்கன இன்னும் குத்துதா?"

"எங்கன?" என்றார் அவர், அடுத்த பெட்டிக்குக் குனிந்தபடி.