எழுந்து நிற்க வேண்டியவர்கள்

எட்சன் மாமாவை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் மனசு எனக்கு வர வேண்டுமென்று அம்மா தினமும் ஜெபிக்கிறாள். ஜெபிக்கட்டும். பாட்டாவின் முதலாம் ஆண்டு நினைவு ஆராதனையில் அவருடைய வாழ்க்கைச் சுருக்கத்தை நான்தான் வாசிக்க வேண்டும் என்று மாமா கேட்டபோது எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. வலிய வந்து கழுத்தை நீட்டுகிறவரை என்ன செய்ய?

அதற்கு அடுத்த ஞாயிறு சபைத் தேர்தல். மாமா செயலாளர் பதவிக்கு நிற்கிறார். அதனால்தான் வேதக்கோயில் வளாகத்தில் பந்தல், பிரியாணி, மார்த்தாண்டம் ரோடு வரைக்கும் பாட்டா படம் போட்ட ஃப்ளெக்ஸ். நான் பள்ளிக்கூட டீச்சர். மைக் இல்லாவிட்டாலும் கடைசி பெஞ்சுவரை குரல் கேட்கும். அதுதான் அவருக்குத் தேவைப்பட்டது.

பாட்டா என்றால் ஞானையன், என் அம்மாவுக்கும் எட்சன் மாமாவுக்கும் அப்பா. ஒரு ஆசையோடு அடங்குகிற மனுஷன் இல்லை. ரப்பர் தோட்டங்களில் தேனீப் பெட்டி வைத்தார். சபையின் பாண்டு வாத்தியக் குழுவில் டிரம்பெட் வாசித்தார். பழுதான ரேடியோ எங்கே கிடந்தாலும் தூக்கிவந்து அதைப் பேசவைக்காமல் விடமாட்டார். வீட்டுக்குப் பின்னால் ஒரு பலாமரம், பாட்டாவுக்கு அது பிலாவு. அதில் ஒட்டுப்போட்டு, ஒரு கிளையில் கெட்டிச் சுளை வரிக்கையும் இன்னொன்றில் குழைந்த சுளைக் கூழனும் காய்க்க வைத்தார். தேன் எடுத்த விரலைக் கழுவாமல் டிரம்பெட்டைத் தொடுவார். பாட்டுக்கு நடுவே பொத்தான் ஒட்டிக்கொள்ளும். திட்டு மட்டும் எங்களுக்கு விழும். அப்படி ஒருத்தரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

தேன் எடுக்கப் போன இடத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து அந்த மழைக்காலம் முழுவதும் அருமனையில் எங்கள் வீட்டில்தான் இருந்தார். மாமா எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவருக்குப் பாட்டாவின் வீட்டில் வேறு வேலை இருந்தது. பாட்டா வாக்கரைப் பிடித்துக்கொண்டு தன் வீட்டுக்குத் திரும்பியபோது பெட்டி இல்லை, டிரம்பெட் இல்லை, ரேடியோக்கள் இல்லை. பின்வாசலில் வெயில் அடித்தது. மரம் நின்ற இடத்தில் மரத்தூள் கிடந்தது.

"எனக்க பிலாவு எங்கலே?" என்று கேட்டார்.

"அப்பாக்கு இனி ரெஸ்டு வேணும். எல்லாத்தயும் ஒதுக்கியாச்சு," என்றார் மாமா.

அதன்பிறகு பாட்டா எதையும் கேட்கவில்லை, சோறு உட்பட. அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவரை வீல்சேரில் கோயிலுக்குக் கூட்டிப் போனோம். அன்றுதான் மாமா சபைக்குப் புது வாசிப்புப் பீடம் ஒன்றை அன்பளிப்பாகக் கொடுத்தார். பித்தளைத் தகட்டில் அவர் பெயர் மின்னியது. பாட்டா அந்த மஞ்சள் மரத்தை வெகுநேரம் தடவிப் பார்த்துவிட்டு, நல்ல மூத்த மரம் என்று மாமாவிடமே சொன்னார். அடுத்த மாதம் போய்விட்டார். அடக்கத்தில் எல்லாரையும்விடச் சத்தமாக அழுதவர் மாமாதான்.

வாசிக்க மாமா எழுதித் தந்த தாளில், ஞானையன் தம் வாழ்நாளை ஜெபத்திலும் அமைதியிலும் கழித்தார் என்று இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமா விற்ற சாமான்களை வாங்கியவர்களைத் தேடிப் போனேன். அவர்கள்மேல் தப்பில்லை. அப்பாவுக்கு இனி வேண்டாமாம், அவரே கொடுக்கச் சொன்னார் என்று மாமா எல்லாரிடமும் புளுகியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். கடைசியாகத் தச்சுப்பட்டறை ரிஜோவைப் பார்த்தேன். அவன் சொன்னதைக் கேட்டு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஆராதனையில் மாமாவின் தாளை மடித்து வைத்துவிட்டுப் பேசினேன். பாட்டாவின் ஒவ்வொரு ஆசையாகச் சொன்னேன். ஒட்டிக்கொண்ட பொத்தானைச் சொன்னபோது சபை சிரித்தது, மாமாவும் சிரித்தார். பிறகு, பாட்டா எங்கள் வீட்டில் படுத்திருந்தபோது அவருக்கே தெரியாமல் அவர் சாமான்கள் விற்கப்பட்டன என்றேன். டிரம்பெட் யாரிடம் இருக்கிறதோ அவர் தயவுசெய்து எழுந்து நிற்கவும் என்றேன். பாண்டு வரிசையில் ஒரு பையன் எழுந்தான். தேனீப் பெட்டிகள் என்றேன். கோயிலுக்கே வந்து பழக்கமில்லாத சிவதாணு அண்ணன் பின்வரிசையில் எழுந்து கைகூப்பினார். ரேடியோக்கள் பழைய இரும்புக் கடைக்குப் போனதால் அதற்கு ஆளில்லை. முதல் வரிசையில் மாமா தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிலாவு யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன். ஒருவரும் எழவில்லை. ஆட்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ரிஜோ தலையைக் குனிந்துகொண்டான்.

முன்னால் இருந்த வாசிப்புப் பீடத்தின் மேல் உள்ளங்கையை வைத்தேன். "ஆரும் எழும்ப வேண்டாம். பாட்டாக்க பிலாவு இதுதான்."

போதகர் எட்டிப் பார்த்துப் பித்தளைத் தகட்டை வாசித்தார்.

பந்தலுக்குப் போகும் வழியில் மாமா என்னை மறித்தார். முகம் வெளுத்திருந்தது. "ஏட்டி, இப்போ உனக்குத் திருப்தியாச்சா?"

"இல்ல மாமா. பாட்டா அதத் தடவிப் பாத்தப்போ நீங்க பக்கத்துலதான் நின்னிய. அப்பா, இது உமக்க மரம்னு ஒரு வார்த்த பறஞ்சிருக்கலாம்லா."

அவர் வழியை விட்டு விலகினார். பந்தலில் பாதி நாற்காலி காலியாகக் கிடந்தது. நான் உட்கார்ந்து, அவர் செலவில் போட்ட பிரியாணியை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.