சூடாக்கி வைத்த கார்

மோட்டார் கார் வாங்குகிறவர்களைப் பற்றி ஜேசுபாதத்துக்கு ஒருநாளும் நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் டீசல் எஞ்சின்களுக்குள் இருபத்திரண்டு வருஷமாகக் கையைவிட்டுக்கொண்டிருந்த ஃபிட்டர் அவர். ஆள் இறங்கி நிற்கலாம் போன்ற சிலிண்டர்களைப் பிரித்துப் பூட்டியவருக்கு ரோட்டில் ஓடும் கார்கள் தையல் மெஷின் மாதிரித்தான். கார் வைத்திருப்பவர்களோ, தையல் மெஷினுக்கு எண்ணெய் விடக்கூடத் தெரியாதவர்கள்.

அந்த வரிசையில் முதல் ஆளாக அவர் வைத்திருந்தது தங்கை கிருபையின் புருஷனை. தேவபிரசாதத்துக்குச் சொந்த ஊர் சாத்தான்குளம். டவுனில் மருந்துக்கடை. மே மாத வெயிலிலும் கோட்டு போட்டுக்கொண்டுதான் ஞாயிறு ஆராதனைக்கு வருவார். அவர் ஒரு நாள் மத்தியானம் ஜேசுபாதத்தின் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"மச்சான், ஒரு எட்டு வந்து பாருங்க. டர்போ கார்! இந்த ஜில்லாவுலேயே வேற கிடையாது."

"நான் பாத்து என்ன சொல்லணும்?"

"நல்லாருக்குன்னு சொல்லணும்."

ஆள் இதில் மட்டும் உண்மை பேசினார் என்று ஜேசுபாதம் நினைத்துக்கொண்டார்.

புதிய துறைமுக வேலைக்கு வந்திருந்த ஒரு வெள்ளைக்கார எஞ்சினியர் தன் நாட்டிலிருந்து கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்த கார் அது. திரும்பிப் போகும்போது, கப்பல் ஏஜென்சி ஒன்றில் அதிகாரியாக இருந்த சுந்தர்சிங்கிடம் விட்டுவிட்டுப் போனார். சுந்தர்சிங் ஒரு வருஷம் ஓட்டிவிட்டு இப்போது விற்கிறார். எஞ்சினை விட்டு வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சின்னச் சக்கரம் சுழன்று, எஞ்சினுக்குள் காற்றை அமுக்கி ஊதும், அதுதான் டர்போ. கப்பலில் அது ஒரு பீரோ அளவு இருக்கும். இந்தக் காரில் தேங்காய் அளவு. தேவபிரசாதத்துக்கு இதெல்லாம் தெரியாது. பின்பக்கம் வெள்ளியில் பதித்திருந்த ஐந்து இங்கிலீஷ் எழுத்துதான் அவருக்குத் தெரிந்த டர்போ.

மில்லர்புரத்தில் சுந்தர்சிங்கின் பங்களாவுக்கு நாலு மணிக்குப் போனார்கள். கார் கறுப்பாக, மெழுகு பூசிய பளபளப்போடு வேப்பமரத்தடியில் நின்றது. ஜேசுபாதம் முதலில் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். தோசைக்கல்.

"வண்டி எங்கயாவது போயிட்டு வந்துச்சா?"

"காலையிலேர்ந்து நிழல்லதான் நிக்கு" என்றார் சுந்தர்சிங். பிறகு தேவபிரசாதத்தின் பக்கம் திரும்பி, "இவங்க யாரு?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

மச்சான் என்று சொல்லத் தேவபிரசாதத்துக்கு நாக்கு வரவில்லை. "தெரிஞ்ச மெக்கானிக்" என்றார்.

ஜேசுபாதம் அதைக் கேட்டும் கேட்காதவர்போல ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார். எண்ணெய் தேன் நிறத்தில் இருந்தது. ஓடின வண்டியில் நேற்று ஊற்றிய எண்ணெய். பழைய எண்ணெய் எப்போது மாற்றியது, யார் மாற்றியது, அதற்கு ஏதாவது சீட்டு உண்டா என்று கேட்டார். வெள்ளைக்காரர் எல்லாம் ஒழுங்காகச் செய்வார் என்றார் சுந்தர்சிங். வெள்ளைக்காரர் போய் ஒரு வருஷம் ஆகிறதே என்றதும் சுந்தர்சிங் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"டர்போவுக்குப் போற குழாயைக் கழட்டிச் சக்கரத்தைத் தொட்டுப் பாக்கணும். அஞ்சு நிமிஷ வேலை."

"இது ஃபாரின் வண்டி. இங்கன உள்ளவங்க ஸ்பேனர் படக்கூடாது. கப்பல் வேற, கார் வேறங்க."

கப்பலில் ஏறினால் வாந்தியெடுக்கிற கப்பல் அதிகாரி இவர் என்பது துறைமுகம் முழுக்கத் தெரியும். ஜேசுபாதம் பானெட்டை மூடினார்.

திருநெல்வேலி ரோட்டில் இருக்கும் புதுக்கோட்டை வரைக்கும் ஓட்டிக் காட்டினார் சுந்தர்சிங். உப்பளங்களைத் தாண்டியதும் மிதித்த மிதியில் தேவபிரசாதத்தின் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. ஐம்பத்தோரு வயது மனிதர், ராட்டினத்தில் ஏறிய பிள்ளைபோல "ஐயோ! ஐயோ!" என்று சிரித்தார். ஜேசுபாதம் பின்சீட்டில் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார். வேகம் ஏறும்போதெல்லாம் டர்போவின் சீழ்க்கைச் சத்தத்துக்கு அடியில் இரும்போடு இரும்பு உரசும் கீச்சு ஒன்று கேட்டது. அதே வேகத்தில் பங்களாவுக்குள் திரும்பிய சுந்தர்சிங், வண்டி நின்ற மறுநொடி சாவியைத் திருகி எஞ்சினை அணைத்தார்.

"தினமும் இப்படித்தான் அணைப்பீங்களா?"

"பின்ன? சாவி எதுக்கு இருக்கு?"

"விரட்டி ஓட்டிட்டு வந்தா ரெண்டு நிமிஷம் சும்மா ஓடவிட்டு அணைக்கணும். இல்லன்னா எண்ணெய் போறது நின்னுரும், சூட்டுல இருக்க எண்ணெய் கரியாயிரும், டர்போ சுத்துத இடம் தேஞ்சுரும்." ஜேசுபாதம் தங்கை புருஷனைப் பார்த்தார். "மாப்ள, நாளைக்குக் காலையில வண்டி பச்சத் தண்ணியா இருக்கும்போது வருவோம். நம்ம கண் முன்னால ஸ்டார்ட் பண்ணட்டும்."

"நாளைக்கு மதுரைப் பார்ட்டி வாராவ" என்றார் சுந்தர்சிங், வருத்தப்படுகிறவர்போல.

எப்போதும் ஒரு மதுரைப் பார்ட்டி வருவார் என்பது மருந்துக்கடைக்காரருக்குத் தெரியாதா? தெரியும். தன் கடையிலேயே கடைசி பாட்டில் என்று சொல்லி விற்கிறவர்தானே. ஆனாலும் அவர் முகம் வெளிறியது. காலை ஒன்பதுக்குப் பணத்தோடு வருவதாக அங்கேயே வாக்குக் கொடுத்தார். வெளியே வந்ததும் ஜேசுபாதத்தின் மேல் விழுந்தார்.

"பெரிய மனுசன் வீட்டுல என் மானத்தை வாங்கிட்டீங்க. நான் கார் வாங்குதது உங்களுக்குப் பொறுக்கல."

ஜேசுபாதம் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் விடிந்ததும் கிருபை ரிக்‌ஷாவில் வந்து இறங்கினாள். "அண்ணே, நம்ம அம்மா போட்ட நகையையும் சேத்து அடகு வச்சுத்தான் பணம் புரட்டியிருக்காவ. நீ வா. நான் நேருல பாக்கணும்."

இருவரும் போனபோது பங்களா வாசற்கதவு திறந்து கிடந்தது. சுந்தர்சிங்கின் டிரைவர் மந்திரமூர்த்தி அப்போதுதான் எஞ்சினைக் கிளப்பியிருந்தான். காரின் பின்னாலிருந்து நீலப் புகை வந்துகொண்டே இருந்தது. வேப்பமரத்தின் பாதி மறைந்துவிட்டது. கிருபை சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"என்னப்பா இது?"

"பார்ட்டி வாரதுக்கு முன்னால அரைமணி நேரம் ஓடவிட்டு வைக்கச் சொல்லுதாவ, அக்கா. சூடாயிட்டா புகை அடங்கிரும்" என்றான் மந்திரமூர்த்தி. சம்பளம் சரியாக வராத டிரைவரின் உண்மை அது.

ஜேசுபாதம் எஞ்சினை அணைக்கச் சொல்லி, சட்டைப்பையிலிருந்து ஸ்பேனரை எடுத்துக் காற்றுக் குழாயைக் கழற்றினார். உள்ளே எண்ணெய் தேங்கி நின்றது. இரண்டு விரலால் சக்கரத்தைப் பிடித்து அசைத்தார். ஆடவே கூடாத அது, ஆடுகிற பல்போல ஆடியது. சக்கர இதழ்களின் ஓரம் உறையின் உட்சுவரில் உரசி மழுங்கியிருந்தது. கிருபையையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தொட்டாள். கையில் கறுப்பு ஒட்டியது.

சுந்தர்சிங் உள்ளேயிருந்து ஓடி வந்து இங்கிலீஷில் கத்தினார். அவர் கத்திக்கொண்டிருக்கும்போதே தேவபிரசாதம் கோட்டும் டையுமாக, கையில் தோல் பையோடு வந்து சேர்ந்தார். அவர் வருவதற்குள் புகை முழுதாகக் கலைந்திருக்கவில்லை. கிருபை தன் கையை விரித்துக் காட்டினாள். "இது வேண்டாங்க. செத்த வண்டி."

தேவபிரசாதம் புகையைப் பார்த்தார், கறுப்புக் கையைப் பார்த்தார். சுந்தர்சிங் உதட்டோரம் ஒரு சிரிப்பை வரவழைத்து, "வீட்டம்மாகிட்ட கேட்டுட்டுத்தான் செய்வீங்களோ?" என்றார்.

அவ்வளவுதான் வேண்டியிருந்தது. பணம் போனால் தேவபிரசாதம் தாங்கிக்கொள்வார். இந்தச் சிரிப்பை அவரால் தாங்க முடியாது. பையைத் திறந்தார்.

கார் பதினொரு நாள் ஓடியது. பன்னிரண்டாம் நாள், கிருபையையும் சாத்தான்குளத்துச் சொந்தக்காரர்கள் மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு திருநெல்வேலிக்குக் கல்யாணத்துக்குப் போகும் வழியில், புதுக்கோட்டை தாண்டி வெடித்தமாதிரி ஒரு சத்தம் கேட்டது, பிறகு பெரும்புகை. சேதி வந்ததும் ஜேசுபாதத்துக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைக்கவும் தோன்றவில்லை. ஒரு உப்பு லாரியில் ஏறிப் போய் இறங்கினார். மைல்கல்லின் மேல் பட்டுச்சேலையோடு உட்கார்ந்திருந்த கிருபையைப் பார்த்ததும் அந்தச் சந்தோஷம் வாயில் கசந்தது.

டர்போவின் சக்கரம் தூள்தூளாகப் போயிருந்தது. நல்லவேளை, தூள் எஞ்சினுக்குள் போகவில்லை. லாரியில் கட்டி இழுத்து வந்து நாலு நாள் வேலை செய்தார். நடுக்கடலில் டர்போ உடைந்தால் கப்பல்காரர்கள் செய்வதைத்தான் செய்தார்: சக்கரத்தை எடுத்துவிட்டு, துளையை இரும்புத் தகட்டால் அடைத்து, காற்றுக் குழாயை நேரே எஞ்சினுக்குக் கொடுத்தார். கார் ஓடியது. நெல் மூட்டை ஏற்றிய வண்டிபோல ஓடியது.

"பழைய ஸ்பீடு வருமா மச்சான்?"

"உங்க கடைக்கும் வீட்டுக்கும் நடுவுல ஸ்பீடு எங்க போகும், மாப்ள?"

சுந்தர்சிங்கின் வேலையை விட்டுவிட்டு வந்த மந்திரமூர்த்தியிடம் கிருபை ஒரே மாதத்தில் ஓட்டக் கற்றுக்கொண்டாள். தேவபிரசாதம் அந்தக் காரின் ஸ்டீரிங்கை அதற்குப் பிறகு தொடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்த ஜேசுபாதத்தின் காதில் தங்கை புருஷனின் குரல் விழுந்தது. நாலு பேர் சுற்றி நின்றார்கள்.

"நம்ம ஊர் ரோட்டுக்கு டர்போ ஒத்துவராது. அதான் நான் கழட்டச் சொல்லிட்டேன்."

ஜேசுபாதம் நின்று அவரைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். மறுத்துச் சொல்லும் அளவுக்குக்கூட அந்த ஆளிடம் ஒன்றும் இல்லை என்று தோன்றியது.

"அண்ணே, ஏறு. வீட்டுல விட்டுட்டுப் போறேன்" என்று கிருபை காருக்குள்ளிருந்து கூப்பிட்டாள்.

அவர் பின்சீட்டில் ஏறிச் சாய்ந்துகொண்டார். தேவபிரசாதம் கோட்டைக் கையில் மடித்துப் பிடித்துக்கொண்டு, கார் வெளியே போவதற்குக் கோயில் வாசலின் பெரிய இரும்புக் கதவைத் தள்ளித் திறந்துகொண்டிருந்தார்.