வரிசை எண் 417

புதுக்கோட்டை டவுன் ஒன்பதாம் வார்டில், பிறக்காத ஒருவர் 1952 ஜனவரியில் ஓட்டுப் போட்டார். பெயர் வீரய்யா, வயது முப்பத்தெட்டு, வாக்காளர் பட்டியலில் வரிசை எண் 417. வரிசையில் அவருக்கு முன்னால் பதினேழு பேர் நின்றார்கள். அவர் யாரையும் முந்தவில்லை. முறை வந்ததும் சீட்டை வாங்கினார், மறைப்புக்குள் போனார், தனக்குப் பிடித்த படம் ஒட்டிய பெட்டியில் போட்டார், விரலில் மையோடு வெளியே வந்து, "சந்தனம் விறகுக் கடைக்கு எங்கிட்டுப் போகணும்?" என்று கேட்டார். அன்றைக்கு அந்த வார்டில் 612 பேர் ஓட்டுப் போட்டதாகக் கணக்கு. அவரையும் சேர்த்துத்தான்.

இது எப்படி நேர்ந்தது என்றால், 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. அதுவரை ராஜாவின் ஊர்வலத்தைப் பார்க்கத் தெருவோரம் நின்றுகொண்டிருந்த சனத்திடம், இனி நீங்கள்தான் ராஜா, ஆகவே பேரைக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். பட்டியல் எழுத ஒன்பதாம் வார்டுக்கு வந்தவர் ஆத்மநாதன் என்ற குமாஸ்தா. எழுத்து முத்து முத்தாக இருக்கும். எழுதியதை அடித்தார் என்ற பேச்சே அவர் உத்தியோகத்தில் கிடையாது, அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஆண்களை எழுதுவதில் சிரமம் இல்லை. பெண்கள்தான் அவரைப் படாத பாடு படுத்தினார்கள். புருஷன் பேரை ஒரு தரம் வாயால் சொன்னால் அவன் ஆயுசில் ஒரு நாள் குறையும் என்பது ஊர் நம்பிக்கை. பழனிச்சாமியின் மனைவி, "மொட்டை போடப் போற மலையில இருக்காரே, அவரு பேருதாங்க" என்றாள். செல்லமுத்துவின் மனைவி மூக்குத்தியில் இருந்த முத்தைத் தொட்டுக் காட்டினாள். ஹாஜா முகைதீனின் மனைவி மகனைக் கூப்பிட்டு அவன் வாயால் சொல்லவைத்தார். ஒன்றுமே சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டவர்களுக்குப் பக்கத்து வீட்டுப் பெண்கள் சொல்லிக் கொடுத்தார்கள். மூன்றாம் நாளுக்குள் ஆத்மநாதன் தேறிவிட்டார்: பெண் பேசாமல் நின்றால் பக்கத்து வீட்டைப் பார்க்க வேண்டியது, காதில் விழுந்ததை எழுத வேண்டியது.

அந்தப் பழக்கத்தோடுதான் சந்தனத்தின் விறகுக் கடைக்கு வந்தார். சந்தனத்துக்கு அப்போது வயது முப்பத்தொன்று, கல்யாணம் ஆகவில்லை. அப்பா போன பிறகு கடையை அவளே நடத்தினாள். பெண் பார்க்க வந்தவர்கள் இல்லாமல் இல்லை. வந்த நாளெல்லாம் பார்த்து திருமயம் பக்கத்திலிருந்து விறகு வண்டியும் வந்துவிடும். வண்டியை இறக்கி, எடை போட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு அவள் உள்ளே வருவதற்குள் வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டுப் போயிருப்பார்கள். ஐந்தாவது தடவைக்குப் பிறகு யாரும் வரவில்லை. அன்றைக்குக் கடையில் கூட்டம். அத்தனை பேர் நடுவில் ஆத்மநாதன், "வீட்டுக்காரர் பேரென்னம்மா?" என்று கேட்டதும் அவளுக்குச் சுருக்கென்றது. இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. தராசையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆத்மநாதன் வழக்கம்போலப் பக்கத்து வீட்டைப் பார்த்தார். அங்கே திரைக்குப் பின்னால் நின்றவர் ரஹீமா பீவி. சந்தனத்தின் உயிர்த் தோழி, குறும்புக்கு அந்தத் தெருவில் அவருக்கு ஈடு கிடையாது. தோழி கூனிக்குறுகி நிற்பது பொறுக்காமல், "வீரய்யாங்க. இவளவிட ஏழு வயசு கூட" என்று ஒரு போடு போட்டார். ஆத்மநாதன் எழுதினார். புருஷன் பேர் வந்துவிட்டால் புருஷனையும் எழுத வேண்டும் அல்லவா, அடுத்த வரியில் அவரையும் எழுதி, ஈரம் காய ஊதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அன்று முழுக்க இரண்டு பெண்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்பார்கள். ரஹீமா பீவி ஒரே பொய்யில் முடித்துவிட்டார் என்பது அப்போது இருவருக்கும் தெரியாது.

தேர்தலன்று வீரய்யா வந்து நின்றபோது கட்சி ஏஜெண்டுகள், இந்த ஆளை ஊரில் பார்த்ததே இல்லை என்று தடுத்தார்கள். சாவடி அதிகாரி பட்டியலைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். "பேரு இருக்கு, ஆளும் இருக்கு. இன்னும் என்ன வேணும்?" என்று சீட்டைக் கொடுத்தார். கடைக்கு வந்த வீரய்யாவின் சட்டையில் அச்சகத்து வாசனை அடித்தது. சந்தனம் எடைக்கல்லும் கையுமாக நின்றாள். அவர் மூலையில் கிடந்த கோடாலியை எடுத்துப் பின்கட்டில் விறகு பிளக்க ஆரம்பித்தார். ரஹீமா பீவி சுவர் மேல் எட்டிப் பார்த்து, "யா அல்லா, வாய்க்கு வந்ததச் சொன்னேன், அது கை கால் மொளச்சு வந்து நிக்குதே!" என்றார். மத்தியானம் சந்தனம் ஒரு தட்டில் சோறு போட்டு வாசலோடு வைத்தாள். அவர் சாப்பிட்டார், "கொழம்பு நல்லாருக்கு" என்றார், மறுபடி பிளந்தார். ஐந்து மணிக்குச் சாவடியாக இருந்த பள்ளிக்கூடத்தில் மணி அடித்துப் பெட்டிக்கு அரக்கு வைத்தார்கள். பின்கட்டில் கோடாலிச் சத்தம் நின்றது. சந்தனம் போய்ப் பார்த்தபோது கோடாலி சுவரில் சாய்ந்திருந்தது, பிளந்த விறகு இரண்டு வண்டிக்குக் காணும், ஆள் இல்லை.

அதன் பிறகு வார்டுக்கு விஷயம் புரிந்துவிட்டது. பட்டியலில் மட்டும் இருக்கும் ஆள், பட்டியலை விரிக்கும் நாளில் மட்டும் வருவார். இதில் யாருக்கும் பெரிய ஆச்சரியம் இல்லை; வேட்பாளர்களும் அப்படித்தானே வருகிறார்கள் என்றார்கள். இடையில் வந்த நகரசபைத் தேர்தலில் வீரய்யா வந்தபோது சந்தனம் புது வேட்டி வாங்கி வைத்திருந்தாள். தட்டு வாசலிலிருந்து அடுக்களைக்குப் போயிருந்தது. 1957 மார்ச்சில் அவர் ஓட்டுப் போட்ட கையோடு இருவரும் ஜட்கா வைத்துக்கொண்டு திருக்கோகர்ணம் போனார்கள், அம்மன் சன்னதியில் அவர் மஞ்சள் கயிறு கட்டினார். அன்று முகூர்த்த நாள் இல்லையே என்று யாரோ இழுத்ததற்கு ரஹீமா பீவி, "கவர்மெண்டு குறிச்ச நாளு, அதவிட நல்ல நாளு எது?" என்று வாயை அடைத்தார். தாலி கட்டி, விருந்து சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, நாலே முக்காலுக்கு மாப்பிள்ளை பெண்ணிடம் விடைபெற்றார்.

ஒன்பதாம் வார்டில் அரசியலை அவ்வளவு அக்கறையாகப் படித்த பெண் அதற்கு முன்னும் பின்னும் இல்லை. சந்தனம் தினமும் பேப்பர் வாங்கினாள். எங்காவது சட்டசபை கலையும் என்றால் முகம் மலரும். கட்சி பேதம் பார்க்காமல், எந்த ஆட்சியாக இருந்தாலும் சீக்கிரம் கவிழ வேண்டும் என்று வெள்ளிக்கிழமைதோறும் விளக்குப் போட்டாள். சட்டசபைக்கும் பார்லிமெண்டுக்கும் ஒரே நாளில் தேர்தல் வைப்பதில்தான் அவளுக்குத் தீராத கோபம். "ரெண்டையும் ரெண்டு நாளா வச்சா இவங்களுக்கு என்ன கொறஞ்சு போகுமாம்?" என்று விறகு வாங்க வந்தவர்களிடமெல்லாம் கேட்டாள். ஒரு மனுஷனோடு வாழ்ந்த மொத்த நாட்களை விரல் விட்டு எண்ண முடிகிறவளின் கோபம் அது. 

1959 நகரசபைத் தேர்தலில் பெரியண்ணன் என்பவர் 304-க்கு 303 என்று ஒற்றை ஓட்டில் கவுன்சிலர் ஆனார். அந்த ஓட்டு யாருடையது என்று ஊருக்கே தெரியும். அந்த நன்றியைப் பெரியண்ணன் மறக்கவில்லை. ஆனால் அதே கணக்கு ஆத்மநாதனின் கண்ணிலும் பட்டது. தோற்றவர் போட்ட மனு அவரிடம்தான் விசாரணைக்கு வந்தது. 1960-ல் மூன்று தடவை விறகுக் கடைக்கு வந்தார். மூன்று தடவையும் வீரய்யா இல்லை. தன் முத்தெழுத்தில் ஒரு பொய் ஏறியிருக்கிறது என்று தெரிந்ததும் மனிதருக்குத் தூக்கம் போயிற்று. "நான் எழுதுனத நானே அடிக்கப் போறேம்மா. வர்ற மார்ச்சு முப்பத்தொண்ணோட 417 கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போனார். பேர் போனால் ஆள் எந்தத் தேர்தலுக்கும் வரமாட்டார். சந்தனம் கல்லாவிலேயே உட்கார்ந்து அழுதாள். ரஹீமா பீவி கடையைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

இரண்டாம் நாள் அவருக்கு யோசனை வந்தது. "ஓட்டு லிஸ்டு ஓட்டு நாளுக்குத்தான் சந்தனம். மாசியில தலைக்கணக்கு எடுக்க வாராங்க. அது வீட்டுல குடியிருக்கிற ஆள எழுதுறது. எழுதிட்டா அப்புறம் இருந்துதானே ஆகணும்?" என்றார். எழுத வேண்டுமென்றால் ஆள் எதிரில் இருக்க வேண்டும். அதற்கு ஒரு தேர்தல் வேண்டும். பெரியண்ணனிடம் போய்ச் சொன்னார்கள். அவர் மீசையைத் தடவிக்கொண்டே கேட்டார். "அவரு குடுத்த நாற்காலி. அவருக்குன்னு கேட்டா மாட்டேம்பனா?" என்று மறுநாளே ராஜினாமா எழுதிக் கொடுத்தார். 1961 பிப்ரவரி கடைசியில் இடைத்தேர்தல் என்று அறிவிப்பு வந்தது. தலைக்கணக்கு எடுக்கும் வாத்தியார் அப்துல் மஜீது, ரஹீமா பீவிக்குத் தம்பி முறை. அக்காள் சொன்னாரென்று அந்தத் தெருவைக் கடைசியாக வைத்துக்கொண்டு, தேர்தலன்று சாயங்காலம் நாலரை மணிக்கு மேல்தான் விறகுக் கடைக்கு வந்து சேர்ந்தார். வழியெல்லாம் ஒவ்வொரு வீட்டிலும் காபி கொடுத்துத் தாமதமாக்கிவிட்டார்களாம்.

அப்துல் மஜீது சட்டப்படிதான் நடப்பார். கடை சந்தனத்தின் பேரில் இருப்பதால் குடும்பத் தலைவர் அவள். தலைவர் வாயால் சொன்னால்தான் எழுதுவேன் என்றார். வீரய்யா பின்கட்டில் விறகு பிளக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் பேர் என்ன என்று கேட்டதும் சந்தனம் தலையைக் குனிந்துகொண்டாள். ரஹீமா பீவி பதறிப்போய் வாயைத் திறந்தார்.

"நீங்க சொல்லக் கூடாதுக்கா. போன தடவ நீங்க சொல்லித்தான இவ்வளவும்" என்று தம்பி கையைக் காட்டித் தடுத்தார்.

சுவர்க் கடிகாரம் ஐந்தடிக்க நான்கு நிமிஷம் இருந்தது. பேரைச் சொன்னால் ஒரு நாள் ஆயுசு குறையும். அவருக்கு இருப்பதே நாலு நிமிஷம். சொன்னால் அந்த நிமிஷமே போய்விடுவாரோ என்று பயந்தாள். சொல்லாவிட்டால் மணி அடிக்கும், அதோடு என்றைக்குமாகப் போய்விடுவார். வாத்தியார் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். பின்கட்டில் கோடாலி விழுந்தது, விழுந்தது, விழுந்தது.

"வீரய்யா!" என்றாள் சந்தனம். மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தாள். ஒன்பது வருஷமாக அடக்கி வைத்திருந்தது, தெருமுனை வரை கேட்டது.

வாத்தியார் எழுதினார். பள்ளிக்கூடத்தில் மணி அடித்தது. பின்கட்டில் கோடாலிச் சத்தம் நின்றது. சந்தனம் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ரஹீமா பீவி அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். கடைசி மணியின் ஒலி ஓய்ந்த பிறகு, பின்கட்டு நிலையில் தலையைக் குனிந்து, தோளில் சிராய் ஒட்டிய துண்டோடு ஒருவர் உள்ளே வந்தார்.

"என்ன, கூப்பிட்டியா?" என்றார்.

1961 கணக்கெடுப்பில் ஒன்பதாம் வார்டின் மக்கள்தொகை 2,231. மார்ச் முப்பத்தொன்றாம் தேதி பேரை அடிக்க வந்த ஆத்மநாதன், வீரய்யா கையாலேயே மோர் வாங்கிக் குடித்து, எழுதியதை அடிக்க வேண்டியிராத சந்தோஷத்தில் இன்னொரு டம்ளர் கேட்டார். பெரியண்ணன் இந்தத் தடவை அறுபது ஓட்டில் ஜெயித்திருந்தார். சந்தனம் பேப்பர் வாங்குவதை நிறுத்திவிட்டாள். 1962 பிப்ரவரியில் பொதுத் தேர்தல் வந்ததே அவளுக்கு மத்தியானத்துக்கு மேல்தான் ஞாபகம் வந்தது. தான் போய்ப் போட்டுவிட்டு வந்து, தூங்கிக்கொண்டிருந்தவரை நாலரை மணிக்கு எழுப்பி விரட்டினாள். ஐந்து மணி அடித்தது. ஐந்தரைக்கு வீரய்யா விரலில் மையோடும் சந்தைப்பேட்டையில் வாங்கிய ஒரு வீசைக் கத்தரிக்காயோடும் திரும்பி வந்தார். பாதி சொத்தை. சந்தனம் பேரைச் சொல்லியே திட்டினாள்.