வேலாயி நடந்து படித்த பன்னிரண்டு புத்தகங்கள்

“நான் எழுத்துக்கூட்டி வாசிக்கலதாங்க. அதுக்காக எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ஆயிருமா?”

கண்டிக் குளத்தோரத்து வாசிகசாலையில், பொறுப்பாளரின் மேசைக்கு முன்னால் நின்று இப்படிக் கேட்டவள் வேலாயி. மேசைக்குப் பின்னால் இருந்த திருச்செல்வம் யாழ்ப்பாணத்துக்காரர். பேரேட்டில் விரலை வைத்தபடி அவளைப் பார்த்தார். பேரேட்டில் பன்னிரண்டு புத்தகங்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றுக்கும் நேரே எழுதியிருந்த பெயர் மேபல்.

“வாசிச்சுப் பதில் சொன்னது உந்தப் பிள்ளை. சீட்டு உமக்கு வேணுமெண்டா எப்பிடி?” என்றார் அவர்.

உந்தப் பிள்ளையான மேபல் வேலாயிக்குப் பக்கத்திலேயே நின்றாள். அவளுக்குப் பின்னால் மூக்காயி, கால் வலிக்குதென்று உட்காரக் கதிரையைத் தேடிக்கொண்டிருந்தாள். மூன்று பேரும் பிலிமத்தலாவையிலிருந்து ஏழு மைல் நடந்து வந்திருந்தார்கள். அன்றைக்கு மட்டுமல்ல, சித்திரையிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்படித்தான்.

கண்டிக்கு ரயில் வர இன்னும் இரண்டு வருஷம் இருந்த காலம் அது. மலையெல்லாம் காப்பி. பிலிமத்தலாவையில் ரோட்டை ஒட்டி இருந்த காப்பி ஸ்டோரில் வேலாயியும் மூக்காயியும் கொட்டை பொறுக்கினார்கள். தரையில் காலை மடக்கி உட்கார்ந்து, சுளகில் இருக்கும் கறுப்பையும் உடைசலையும் காலையிலிருந்து பொழுது சாயும்வரை பொறுக்க வேண்டும். ஒன்பது வருஷமாக வேலாயி பார்த்தது அந்தச் சுளகைத்தான். பங்குனியில் கடைசி மூட்டையும் வண்டியேறிக் கொழும்புக்குப் போய்விட, ஸ்டோரைப் பூட்டினார்கள். அதற்குள் அவளுடைய இரண்டு முழங்காலும் மடக்கினது மடக்கினபடி நின்றுவிட்டன. ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கிற அப்போதிக்கரி பார்த்துவிட்டு மருந்து ஒன்றும் தரவில்லை. நட, சும்மா உட்கார்ந்தால் அடுத்த பருவத்துக்கு எழும்பவே மாட்டாய் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

எங்கே நடப்பது? அப்போதுதான் மேபல் கண்டிக்குப் போகிற சங்கதி தெரிந்தது. மேபல் கிறிஸ்தவக் கோயில் உபதேசியாரின் மகள், மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். காப்பி வேலை ஓய்ந்த மாதங்களில் சனம் சும்மா இருக்கக்கூடாதென்று வாசிகசாலையில் ஒரு அறிவிப்புப் போட்டிருந்தார்கள். சித்திரைக்கும் ஆடிக்கும் இடையில் பன்னிரண்டு புத்தகம் முழுதாக வாசித்து, கேட்கிற கேள்விக்குப் பதில் சொன்னால், பெரிய மனிதர் யாருடைய கையெழுத்துப் பிணையும் இல்லாமல் புத்தகம் இரவல் எடுக்க நிரந்தரச் சீட்டு. பன்னிரண்டு புத்தகத்துக்கு, ஒருவர் பேரில், ஒரே ஒரு சீட்டு. வாரம் ஒன்று வாங்கி வருவதென்று மேபல் கிளம்பினாள். முழங்காலுக்காக வேலாயி கூடப் போனாள். வேடிக்கைக்காக மூக்காயி.

வெறுமனே நடந்தால் ஏழு மைல் பதினான்கு மைலாகத் தெரியும் என்று இரண்டாம் வாரமே மேபல் புத்தகத்தை விரித்து, நடந்துகொண்டே சத்தமாக வாசிக்க ஆரம்பித்தாள். எதிரே காப்பி வண்டி வந்தால் வேலாயி அவளைத் தோளில் பிடித்து ஓரத்துக்குத் தள்ளுவாள். வாசிப்பு நிற்காது. வண்டிக்காரர்கள் இவர்களைப் பைத்தியம் என்றார்கள். மூக்காயி அவர்களுடைய மாடுகளைக் காட்டி, கேட்கிறதுக்கு அதுகளுக்காவது புத்தி இருக்கு என்பாள்.

மூன்றாம் புத்தகத்தில் வேலாயி முழங்காலை மறந்தாள். ஐந்தாம் புத்தகத்தில் அது மடங்கி நீண்டது. பிறகு வெள்ளிக்கிழமை விடிந்தாலே, நாளைக்குப் புத்தகத்தில் என்ன ஆகுமோ என்று அவளுக்கு இருப்புக் கொள்ளாமல் போயிற்று.

இப்போது சிக்கல் என்னவென்றால், ஆவணியில் மேபல் நாவலப்பிட்டிக்குப் போகிறாள், அங்கே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்க. அவள் பெயரில் இருக்கும் சீட்டை வேறு யாரும் பாவிக்க முடியாது. வேலாயி பெயரில் சீட்டு இல்லையென்றால் அடுத்த புத்தகம் இல்லை. கொட்டை பொறுக்குகிறவளுக்குப் பிணைக் கையெழுத்துப் போட எந்தப் பெரிய மனிதர் வருவார்? வீட்டிலிருந்து கிளம்பும்போதே அவள் முடிவெடுத்துவிட்டாள், கேட்டு வாங்காமல் திரும்புவதில்லை என்று.

திருச்செல்வம் கொஞ்சம் யோசித்தார். சரி, கேட்டுப் பார்ப்போம் என்று தேனீ வளர்ப்புப் புத்தகத்தை எடுத்து, நாலாம் அதிகாரத்தில் என்ன சொல்லியிருக்கிறது என்றார்.

“நாலாவதுன்னா எந்த இடம்னு தெரியலைங்க,” என்றாள் வேலாயி. “கிரிபத்கும்புரையில ராணித் தேனீ செத்துப்போச்சு. பேராதனைப் பாலத்துக்குள்ள மத்ததுங்க புதுசா ஒரு ராணியை வளர்த்துருச்சுங்க. நீங்க கேக்கிறது செத்ததையா, வளர்த்ததையா?”

மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவர் பேப்பரைக் கீழே இறக்கினார். கிரிபத்கும்புரையில் எந்தத் தேனீ செத்தது என்று திருச்செல்வம் திகைத்தார். மேபல்தான் விளங்கப்படுத்தினாள். வேலாயி அக்காவுக்கு அதிகாரமும் பக்கமும் கிடையாது, எந்த இடத்தைத் தாண்டும்போது எதைக் கேட்டாளோ அதுதான் அவளுக்குக் கணக்கு. அவர் பக்கங்களைப் புரட்டினார். செத்தது மூன்றாம் அதிகாரம், வளர்த்தது நாலாம் அதிகாரம். இளம்புழுவுக்கு எந்த உணவைக் கொடுத்தால் ராணியாகும் என்பதுவரை வேலாயி ஒப்புவித்தாள்.

இரண்டாவதாக நட்சத்திரங்களைப் பற்றிய புத்தகம். அதிலும் அவள் தவறவில்லை. துருவ நட்சத்திரம் கெட்டம்பே ஆற்றோரத்தில் வந்தது.

மூன்றாவதாகக் கப்பல் வியாபாரியின் கதை. கப்பல் உடைந்த பிறகு வியாபாரி எப்படிக் கரைக்கு வந்தான் என்று கேட்டார்.

வேலாயி மேபலைத் திரும்பிப் பார்த்தாள்.

அவளுக்கு அந்த இடம் நன்றாக நினைவிருந்தது. கெட்டம்பே தாண்டி ரோடு ஏறுகிற இடம். வியாபாரி கால் ஒடிந்து பாய்மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தான். அடுத்த வாக்கியத்தில் செம்படவன் வீட்டில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். நடுவில் என்ன ஆச்சு என்று அன்றைக்கே கேட்டாள். அவ்வளவுதான் எழுதியிருக்கு என்று மேபல் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். மூன்று வாரமாக அது வேலாயியின் மனசை உறுத்திக்கொண்டிருந்தது. இப்போது அதைச் சொன்னால் சீட்டு தனக்கு வரலாம். மேபல் ஒழுங்காக வாசிக்கவில்லை என்றும் ஆகிவிடும். அந்தப் பிள்ளை போகிற ஊரில் காட்டவேண்டும் என்று ஆசையாக இருந்த சீட்டு அது.

திருச்செல்வம் புத்தகத்தை மூடப் போனார். “தெரியாதோ?”

“தெரியாதுங்க,” என்றாள் வேலாயி. அவர் புத்தகத்தை மூடினதைக் கண்டதும் அவளால் அடக்க முடியவில்லை. “ஆனா நானும் அதைத்தாங்க கேக்கணும்னு இருந்தேன். கால் ஒடிஞ்சவன் கடலைத் தாண்டி எப்படி வந்தான்? அதுல எழுதியிருக்குங்களா?”

அவர் அந்த இடத்தைத் திறந்தார். பக்க எண்களைப் பார்த்தார். தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். அந்தக் காலத்தில் புதுப் புத்தகத்தின் தாள்கள் மேலே மடிப்போடுதான் வரும். முதலில் வாசிக்கிறவர்தான் கத்தியால் மடிப்பை வெட்டிப் பிரிக்க வேண்டும். இந்த ஒரு மடிப்பு மட்டும் வெட்டுப்படாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே இரண்டு பக்கங்கள் யார் கண்ணும் படாமல் கிடந்தன.

மேபலுக்கு முகம் சிவந்தது. வீட்டிலேயே எல்லாவற்றையும் வெட்டி வைத்துவிட்டுத்தான் வருவாள், இது ஒன்று எப்படியோ தப்பிவிட்டது. நடுரோட்டில் கத்திக்கு எங்கே போவது? ஏற்றத்தில் மூச்சும் வாங்கிற்று. அப்படியே அடுத்ததற்குத் தாவிவிட்டாள். அதை ஒளிக்காமல் சொன்னாள்.

“அப்ப வாசிச்சவவைவிட கேட்டவவுக்குத்தான் கூடத் தெரிஞ்சிருக்கு,” என்று மூலையிலிருந்தவர் பொதுவாகச் சொல்லிவிட்டு மறுபடி பேப்பரைத் தூக்கினார்.

திருச்செல்வம் மேசைக் கத்தியை எடுத்து மடிப்பை வெட்டினார். தாமே சத்தமாக வாசித்தார். வியாபாரி வெறும் மிளகாய்ப் பீப்பாயில் தன்னைக் கயிற்றால் கட்டிக்கொண்டு, இரண்டு பகல் மிதந்து, வலை போட வந்தவர்கள் கையில் சிக்கினான். மூன்று பெண்களும் அசையாமல் கேட்டார்கள். முடிந்ததும் மூக்காயி, பீப்பாயில் மிளகாய் இருந்திருந்தால் அவன் கதி என்ன ஆகியிருக்கும் என்றாள். அவரே சிரித்துவிட்டார்.

பிறகு பேரேட்டை இழுத்து, பேனாவை மையில் தோய்த்து, மேபலைப் பார்த்துச் சொன்னார்: “சரி பிள்ளை, இப்ப பன்னிரண்டும் முடிஞ்சுது. சீட்டு உம்முடைய பேரிலதான்.”

“இருங்க ஐயா,” என்றாள் மேபல். “அந்த ரெண்டு பக்கத்தையும் நான் வாசிக்கல. நீங்க வாசிச்சு நான் காதால கேட்டேன். அது எனக்குக் கணக்குன்னா, பன்னிரண்டையும் காதால கேட்ட அக்காவுக்கும் கணக்குதானே? அது கணக்கில்லன்னா, எனக்குப் பதினொண்ணுதான். சீட்டை அக்கா பேரிலயே எழுதுங்க.”

திருச்செல்வத்தின் பேனா அந்தரத்தில் நின்றது. அவர் அறிவிப்புத் தாளை எடுத்து ஒருதரம் வாசித்தார். திருப்பி இன்னொருதரம் வாசித்தார். கண்ணால் என்றும் காதால் என்றும் அதில் ஒரு சொல் இல்லை.

மேபல் போன பிறகு உமக்கு ஆர் வாசிச்சுக் காட்டுவினம் என்று வேலாயியைக் கேட்டார்.

“ஏழு மைல் ரோடுங்க. எழுத்துத் தெரிஞ்ச ஒருத்தராவது அதுல நடக்காமலா போவாங்க? பிடிச்சுக்கிறேன். கத்தியும் மடியிலயே வச்சுக்கிறேன்.”

அவர் எழுதினார். பெரிய எழுத்தில், கொஞ்சம் அழுத்தியே எழுதினார். வேலாயி, பிலிமத்தலாவை. சீட்டைக் கையில் வாங்கியவள் அதை மடிக்கக்கூட இல்லை. நேரே அலுமாரிக்குப் போய், எல்லாவற்றிலும் தடித்த புத்தகமாகப் பார்த்து உருவினாள். இது நாவலப்பிட்டி வரைக்கும் வரும் போலிருக்கே என்று மூக்காயி தலையில் கை வைத்தாள்.

வாசிகசாலைச் சபையில் ஒருவர், எழுத்தே தெரியாதவளுக்கு வாசகர் சீட்டா என்று பிறகு கேட்டாராம். திருச்செல்வம் அவரிடம் அறிவிப்புத் தாளை நீட்டி, நீங்களே வாசித்துப் பாருங்கள் என்றாராம். எனக்கென்னவோ அவர் செய்தது நூற்றுக்கு நூறு சரியென்றுதான் படுகிறது. நீங்கள் சொல்லுங்கள், அந்தப் பேனா உங்கள் கையில் இருந்திருந்தால் யார் பெயரை எழுதியிருப்பீர்கள்?